சிவாலய ஓட்டப் பாதை



கோயிலுக்கு நடந்து செல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. காவடி சுமந்து பழனிக்கு நடப்போரும், விரதம் பூண்டு திருச்செந்தூருக்கு நடப்போரும், வேளாங்கண்ணிக்கு நடப்போரும் ஆண்டுதோறும் பல்லாயிரவர். ஆனால், ஓடிச் சென்று வழிபடும் வழக்கம் அரிதினும் அரிது. அத்தகைய வழக்கம் ஒன்று தமிழகத்தின் தென்கோடியில், பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் நிலைபெற்றிருக்கிறது. அதனைச் சிவாலய ஓட்டம் என்பர்.

மாசி மாதத்துச் சிவராத்திரிக்கு முந்திய நாள் மாலையில் முஞ்சிறையை அடுத்த திருமலைக் கோயிலில் ஓட்டம் தொடங்கும். இரவு முழுவதும் ஓடி, மறுநாட் பகலும் ஓடி, சிவராத்திரியன்று பன்னிரண்டாவது கோயிலாகிய திருநட்டாலத்தை அடைந்து, அங்கே கண்விழித்திருப்பார்கள். இடையே உள்ள தொலைவு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்பன அப்பன்னிரு தலங்கள். இப்பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் சிறுவர்களை அப்பகுதியில் இன்றும் காணலாம்.

நம் சொந்த ஊர் இப்பாதையின்மேல் அமைந்ததன்று. எல்லைக்கு அப்பால், கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞத்திற்கு அண்மையில் உள்ள கோட்டுகால் நம் ஊர். அவ்வூரிலிருந்தும், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் அன்பர்கள் களியக்காவிளையைக் கடந்து முஞ்சிறைக்கு வந்து ஓடுவதுண்டு. இப்பொழுது நடுவண் அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்து, ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, இந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு தனி நோக்கம் உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் பலர்க்கும் சொந்த ஊர் என்பது ஒரு முகவரியாகவும், ஆண்டுக்கு ஒருமுறை இறங்கும் புகைவண்டி நிலையமாகவும் சுருங்கி வருகிறது. ஊர் என்பது இவற்றினும் பெரிது என்பதை விளக்க இந்தப் பாதை ஒரு நல்ல சான்றாகும்.

முதலில் ஓட்டத்தின் கதையைக் கேளுங்கள். தருமபுத்திரர் செய்யக் கருதிய வேள்விக்குப் புருடாமிருகத்தின் பால் வேண்டியிருந்தது. அதனைக் கொணரும் பணி வீமனிடம் வந்தது. பாதி மனித உருவும் பாதி விலங்குருவும் கொண்ட அப்பிராணி, சிவபெருமானிடம் எல்லையற்ற பற்றுடையது. திருமாலின் பெயரைக் கேட்கவும் பொறாதது. கண்ணபிரான் வீமனிடம் பன்னிரண்டு உருத்திராக்கங்களைக் கொடுத்தனுப்பினார். "கோவிந்தா, கோபாலா" என்று வீமன் கூவ, மிருகம் வெகுண்டு துரத்திற்று. நெருங்கிப் பிடிக்கும் தறுவாயில் வீமன் ஓர் உருத்திராக்கத்தைக் கீழே இட்டான், அது சிவலிங்கமாயிற்று. மிருகம் சினத்தை மறந்து நின்று வழிபட்டது. வழிபாடு முடிந்தபின் மீண்டும் துரத்தியது. இவ்வாறு பன்னிரண்டு இடங்களில் நிகழ்ந்தது.

கதையின் முடிவு நயமானது. கடைசி இடத்தில், மிருகத்தின் எல்லைக்குள் வீமனின் ஒரு காலும், எல்லைக்கு வெளியே மற்றொரு காலும் இருந்தபொழுது அவன் அகப்பட்டான். வழக்கு தருமபுத்திரரிடம் சென்றது. தம்பி என்றும் பாராமல், எல்லைக்குள் இருந்த பாதி உடல் மிருகத்திற்கு உரியது என்று அவர் தீர்ப்பளித்தார். அந்த நேர்மையைக் கண்டு சிவனும் திருமாலும் ஓருருவாய்ச் சங்கரநாராயணராகக் காட்சியளித்தனர் என்பர். அதனால்தான், பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுவோர் வழிநெடுகத் திருமாலின் பெயரையே முழங்குகின்றனர். ஓடுவோருக்கும் கோவிந்தன்மார் என்றே பெயர். சைவமும் வைணவமும் மாறுபட்டு நின்ற காலங்களை நாம் வரலாற்றில் படித்திருக்கிறோம். அம்மாறுபாட்டைத் தீர்க்க எழுதப்பட்ட நூல்கள் பல. இந்த மண்ணின் மக்களோ அதனை ஓடித் தீர்த்தார்கள்.

ஓட்டத்திற்கு முறைகள் உண்டு. ஒரு வார காலம் விரதம் இருப்பர். துளசி மாலை அணிவர். காவி அல்லது மஞ்சள் தோய்த்த வேட்டி உடுப்பர். கையில் ஒரு பனையோலை விசிறி இருக்கும். வழிச்செலவுக்குரிய சிறு பணமுடிப்பும் இருக்கும். ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ நீராடி, ஈர ஆடையுடன் வழிபட்டு, ஓடி வந்த இறைவனுக்கு விசிறியால் வீசி, மீண்டும் ஓடத் தொடங்குவர். மாசி மாதத்தில் இரவிற் பனியும் பகலில் வெயிலும் ஒருங்கே கடுமையாயிருக்கும். ஈர வேட்டி உடலிலேயே உலரும். அடுத்த குளத்தில் மறுபடியும் நனையும்.

இனி, பாதைக்கு வருவோம். கோயில் பன்னிரண்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மூர்த்தியின் பெயரும் தல வரலாறும் கூறி நிறுத்திக்கொள்வர். ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் இடைப்பட்ட நிலத்தைப் பற்றிச் சொல்வதில்லை. இந்த ஓட்டத்தின் சிறப்பெல்லாம் அந்த இடைநிலத்தில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

தொடக்கத்தையே பாருங்கள். திருமலையை விட்டுப் புறப்படுகிறவர் முஞ்சிறை மண்ணை மிதிக்கிறார். அதன் அண்மையில்தான் பார்த்திவசேகரபுரம் உள்ளது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-ஆம் ஆண்டில் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்று, அங்கே ஒரு திருமால் கோயிலையும், காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது ஈண்டு வழியைக் குறிக்கவில்லை; உண்டு உறைந்து கல்வி கற்கும் நிலையத்தைக் குறிக்கிறது. அங்கே 95 மாணவர்களுக்கு இடம் அளிக்கப்பட்டது. சேர விரும்புவோர் இலக்கணத்திலும், மூன்று அரசுகளின் நடைமுறை வழக்குகளிலும் தேர்ச்சி உடையவராயிருக்க வேண்டும் என்றும், நடத்தை விதிகளை மீறுவோர் தண்டம் செலுத்த வேண்டும் என்றும் அம்மன்னனின் செப்பேடு வட்டெழுத்தில் கூறுகிறது. அரசாங்க அலுவல் பார்ப்பதற்குத் தேர்வும் தகுதியும் வகுப்பது இன்றைய புதுமை என்று எண்ணியிருப்போர் அந்தச் செப்பேட்டைப் பற்றி அறிந்துகொள்வது நலம்.

திக்குறிச்சியில் குழித்துறைத் தாமிரபரணியின் கரை. திருநெல்வேலிச் சீமையில் ஓடும் தாமிரபரணி வேறு. இது மேற்கு நோக்கிச் சென்று தேங்காப்பட்டணத்தருகே கடலிற் கலப்பது. அங்கிருந்து ஆற்றின் மேற்பக்கம் நோக்கி இரவில் ஓட வேண்டும். அவ்வழிக்கு அண்மையில் சிதறால் குன்று இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிற் சமணர்கள் சிறந்து வாழ்ந்த மலை அது. பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் உள்ளன. பின்னாளில் அது பகவதி கோயிலாயிற்று. அடுத்து திற்பரப்பு. கோதையாறு பாறைமேல் விரிந்து அருவியாக விழும் ஓசையைக் கேட்ட பின்னரே கோயில் விளக்குகள் கண்ணுக்குப் புலப்படும்.

திருநந்திக்கரையில் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. பாறையைக் குடைந்து அமைத்த அதன் உட்புறத்தில் பழைய ஓவியங்களின் சுவடுகள் எஞ்சியுள்ளன. முதலாம் இராசராச சோழனின் பிறந்த நாளாகிய ஐப்பசிச் சதயத்தன்று விழா நடத்துவதற்கு முட்டம் என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அங்குள்ள கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. சோழன் தஞ்சையிலிருந்து எவ்வளவு தொலைவு வந்தான் என்பதற்கு நூல்கள் பல சான்று காட்டும். அந்தத் தொலைவைக் காலால் உணர வேண்டுமானால், நள்ளிரவில் அந்தப் பாறையின் முன் வந்து நிற்க வேண்டும்.

பொன்மனையும் பன்னிப்பாகமும் மலையடிவாரத்துத் தலங்கள். குலசேகரத்தைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் மண்டிய நிலம் அது. பொழுது புலர்ந்து வெயில் ஏறியபின் கல்குளம். திருவிதாங்கூர் அரசின் தலைநகராய் 1795 வரை விளங்கிய பத்மநாபபுரமே கல்குளம். கோட்டைக்குள் நீலகண்டசுவாமி கோயிலும், அதன் பெருங்குளமும், மரவேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்ற அரண்மனையும் உள்ளன. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். அதனைப் பராமரிப்பது கேரள அரசு. அங்கிருந்து சற்றுத் தொலைவில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சற் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அவருடைய படைகளுக்கே பயிற்சி அளித்த டிலனாய் என்னும் டச்சுப் படைத்தலைவரின் கல்லறை அக்கோட்டைக்குள் இருக்கிறது. கல்லறை வாசகம் இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்க்கு அந்தக் கல் ஒரு வணக்கத்திற்குரிய பொருள்.

பிறகு வேளிமலையின் சாரலைச் சார்ந்து மேலாங்கோடு, வில்லுக்குறிக்கு அருகே திருவிடைக்கோடு, அதன்பின் திருவிதாங்கோடு. ஒரு நாட்டுக்கே பெயர் தந்த சிற்றூர் இது. திருவிதாங்கூர் என்னும் பெயர் இவ்வூரிலிருந்தே பிறந்தது. இங்கே ஒரு பழைய கல் தேவாலயமும் உண்டு. இயேசுபிரானின் சீடராகிய புனித தோமையாரே அதனை நிறுவினார் என்பது அவ்வூர்க் கிறித்தவர்களின் மரபு. பதினொன்றாவது தலம் பள்ளியாடிக்கு அருகேயுள்ள திருப்பன்றிக்கோடு. இறுதித் தலமாகிய நட்டாலம், சங்கரநாராயணர் கோயிலுக்கு மட்டும் புகழ்பெற்றதன்று. 1712-இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, கிறித்தவ சமயம் தழுவி, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் உயிர் நீத்த தேவசகாயம் அவ்வூரினர். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஆகவே, கோவிந்தன்மார் ஓடி முடிக்கும் ஊருக்கே வேறொரு சமயத்தாரும் யாத்திரை வருகின்றனர்.

ஆய் மன்னனின் சாலையும், சமணர் குன்றும், சோழன் கல்வெட்டும், டச்சுக்காரரின் கல்லறையும், தோமையார் மரபும் ஓர் இரவும் ஒரு பகலும் ஓடும் தொலைவிற்குள் அடங்கியுள்ளன. ஓடுகிறவர் இவற்றையெல்லாம் நின்று பார்ப்பதில்லை. பார்க்காவிட்டாலும் அவற்றின் ஊடே செல்கிறார். அவருடைய தந்தையும் அவ்வாறே சென்றார். எந்த அருங்காட்சியகமும் ஒன்றுசேர்க்காத இவற்றை அவர்களின் கால்கள் ஒன்றுசேர்த்து வைத்திருக்கின்றன.

இங்கே நாம் எல்லையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1956 வரை கோட்டுகாலும் முஞ்சிறையும் ஒரே அரசின்கீழ் இருந்தன. திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. அதன் தலைவர் நேசமணி, நாம் சற்றுமுன் கூறிய பள்ளியாடியிற் பிறந்தவர். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரையின் தென்பகுதியும் வேண்டும் என்பது அந்தக் கோரிக்கையில் அடங்கியிருந்தது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. பன்னிரண்டு கோயில்களும் ஒருபுறம் அமைந்தன. ஓடுவோரின் ஊர்கள் இருபுறமும் அமைந்தன.

கோடு என்னும் சொல்லுக்கு மலைச்சிகரம், கரை, கொம்பு, வரை என்று பல பொருள்கள். மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு எனப் பன்னிரண்டில் நான்கு தலங்களின் பெயர்கள் அச்சொல்லில் முடிகின்றன. கோட்டுகால் என்னும் நம் ஊர்ப் பெயரிலும் அந்த ஒலி கேட்கிறது. பழைய கோடுகள் மலையாகவும் கரையாகவும் இருந்தன. அவற்றைச் சுற்றி மக்கள் குடியேறினார்கள். 1956-இல் வரைந்த கோடு ஆட்சிக்கு வேண்டியது. மொழிவழி மாநிலம் என்னும் நீதியும் அதில் இருந்தது. அதனைக் குறை கூறுவது நம் கருத்தன்று. ஆனால், பெண் கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த குடும்பங்களின் நடுவே அது சென்றது. பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மலையாளமும், மறுபக்கத்துப் பிள்ளைகள் தமிழும் படித்தார்கள். ஒரே பாட்டியின் பேரர்கள் ஒருவர்க்கொருவர் கடிதம் எழுத இயலாதவராயினர்.

அந்த நிலையில் இந்த ஓட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். தமிழில் சிவாலய ஓட்டம். மலையாளத்திலும் சிவாலய ஓட்டமே. நம் தொழிலில் ஒரு சொல்லை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்ல அரை நாள் பாடுபடுவதுண்டு. இந்த இரண்டு சொற்களுக்கு அந்தப் பாடு வேண்டியதில்லை. முழக்கத்திற்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

நாம் இளமையில் ஓடியபொழுது நம்முடன் வந்தவர்கள் அறுவர். மூவர் தமிழ் எழுதத் தெரியாதவர். இருவர் மலையாளம் படிக்கத் தெரியாதவர். குலசேகரத்தைக் கடந்தபின் ஒரு வீட்டு முற்றத்தில் மூதாட்டி ஒருவர் பெரிய பானையில் சுக்குநீர் வைத்துக்கொண்டு வழிமறித்தார். "எங்கேருந்து வாறிய மக்களே?" என்றார். எல்லைக்கு அப்பால் என்று சொன்னோம். "எங்கேயானா என்ன, வெள்ளம் குடிச்சிட்டு ஓடுங்க" என்றார். குமரி மாவட்டத்தில் வயதில் இளையோர் யாவரும் மக்களே. பருகும் நீர் அங்கே வெள்ளம். சென்னையிலிருந்து வந்தவர் அச்சொல்லைக் கேட்டால் ஆற்றின் பெருக்கை நினைத்துத் திகைப்பார். எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் திகைப்பதில்லை. கை நீட்டி வாங்கிக் குடிப்பார்கள். அந்த அம்மையார் நம் பெயரையும் கேட்கவில்லை, குலத்தையும் கேட்கவில்லை.

குலத்தைக் கேளாத அந்த நிலையும் எளிதில் வந்ததன்று. திருவிதாங்கூர் அரசின் கோயில்களுக்குள் எல்லாச் சாதியாரும் நுழையலாம் என்னும் ஆணை 1936 நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராசாவால் வெளியிடப்பட்டது. அதற்கு முன் இப்பாதையருகே வாழ்ந்தோருள் பெரும்பகுதியினர் கோயிலுக்குள் அடிவைக்க இயலாதவராயிருந்தனர். வேறொரு சிவராத்திரியையும் இங்கே நினைக்க வேண்டும். 1888-இல் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில், ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நாராயண குரு நிலைநிறுத்தினார். அது நிகழ்ந்ததும் சிவராத்திரி நாளில்தான். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் என்னும் கருத்தை அவர் அங்கே எழுதிவைத்தார். அருவிப்புரம் நம் பக்கத்து ஊர். ஓட்டத் தலங்களுள் ஒன்றன்று. என்றாலும், இன்று ஓடுகிற கூட்டத்தில் யார் எவர் என்று தெரியாதபடி எல்லாரும் ஒரே காவியில் ஓடுகிறார்களென்றால், அருவிப்புரத்துக் கல்லுக்கும் அதிற் பங்குண்டு.

பாதைகள் அழிவதும் உண்டு, மீள்வதும் உண்டு. பிரான்சு நாட்டில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஸ்பெயின் நாட்டிலுள்ள சந்தியாகோ என்னும் தலத்திற்குச் செல்ல, இடைக்காலத்தில் பிரான்சின் நாட்டுப்புறங்களின் ஊடே நான்கு பெருவழிகள் இருந்தன. வழிநெடுகத் தேவாலயங்களும் துறவியர் மடங்களும் எழுந்தன. வருவோர்க்கு உணவும் படுக்கையும் அளிப்பது மடங்களின் கடமை. காலப்போக்கில் யாத்திரிகர் குறைந்தனர். கோங்க் என்னும் மலையூரின் பெரிய மடாலயத் தேவாலயம் இடியும் நிலையை அடைந்தது. 1837-இல் அரசாங்கத்தின் நினைவுச்சின்ன ஆய்வாளராயிருந்த மெரிமே என்னும் எழுத்தாளர் அதனைக் கண்டு அறிக்கை எழுதியதால் அது காப்பாற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் பழைய வழிகளைத் தேடி அடையாளமிட்டார்கள். 1998-இல் யுனெஸ்கோ அவ்வழிகளை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. இன்று பல நாட்டாரும் முதுகில் பை சுமந்து, பசும்புல் வெளிகளின் ஊடே, ஒரு மணிக்கூண்டிலிருந்து அடுத்த மணிக்கூண்டை நோக்கி நடக்கின்றனர்.

அங்கே கல் நின்றது, கால்கள் அருகின. பிறகு அறிஞர்கள் வழியைக் கண்டெடுத்துக் கொடுத்தார்கள். நம் தென்கோடியில் எவரும் கண்டெடுத்துக் கொடுக்க வேண்டிய தேவை நேரவில்லை. அடையாளக் கல் நாட்டாமலே, வரைபடம் அச்சிடாமலே, தந்தை முன் ஓட மகன் பின் ஓடி வழி நின்றது. ஆனால், இன்று அந்த வழிக்கும் ஓர் இடர் நேர்ந்திருக்கிறது.

முன்பு ஓட்டப் பாதையின் பெரும்பகுதி வயல் வரப்பும், குளக்கரையும், தோட்டங்களுக்கு இடையே உள்ள ஒற்றையடித் தடமுமாயிருந்தது. இன்று தார்ச்சாலைகளே மிகுதி. நெல் விளைந்த ஏலாக்களிற் பல, தென்னையும் வாழையும் ரப்பரும் வளரும் நிலங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. குளங்கள் சில தூர்ந்தன. மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வேனிலும் ஒரே பகலிற் பன்னிரண்டு கோயில்களையும் சுற்றி வருவோர் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். அவர்களைப் பழிப்பது முறையன்று. ஓடுவோருட் பெரும்பாலோர் ஆடவரே. வாகனம் வந்த பின்னரே பெண்டிரும் முதியோரும் பன்னிரு தலங்களையும் ஒருங்கே காணும் பேறு பெற்றனர். அது நன்மையே. எனினும், வாகனத்திற் செல்வோர்க்குப் பன்னிரண்டு கோயில்கள் கிடைக்கின்றன, பாதை கிடைப்பதில்லை. சுக்குநீர்ப் பானையின் அருகே எவரும் காரை நிறுத்துவதில்லை. நிறுத்துவோர் இல்லையென்றால் பானை வைப்போரும் நாளடைவில் இல்லாமற் போவர். ஒரு தடத்தில் ஓராண்டு கால் படாவிட்டால் புல் முளைக்கும். பத்தாண்டு படாவிட்டால் வேலி முளைக்கும். வேலி முளைத்த பிறகு அங்கே வழி இருந்தது என்று நிறுவ எந்தப் பத்திரமும் நம்மிடம் இல்லை.

இதில் வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. நாம் வெளியூர் வந்தபின், ஊரைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசுகிறோம். கோயிலின் பெயரைச் சொல்கிறோம், படத்தைக் காட்டுகிறோம், விடுமுறையில் அழைத்துச் சென்று நடை திறக்கும் நேரம் பார்த்து வணங்கித் திரும்புகிறோம். புள்ளிகளைக் காட்டுகிறோமேயன்றி, புள்ளிகளை இணைக்கும் வழியைக் காட்டுவதில்லை. மொழியும் அவ்வாறே. அகராதியிலுள்ள சொற்களைக் கற்பித்துவிடலாம். மக்களே என்று முன்பின் அறியாத ஒருவர் அழைக்கும்பொழுது அதிலுள்ள உரிமையை எந்த அகராதியாலும் கற்பிக்க முடியாது. அதனைக் கேட்பதற்கு அந்த முற்றத்தின் வழியே ஒருமுறையேனும் செல்ல வேண்டும்.

ஆகவே, நேயர்களுக்கு ஒரு யோசனை. ஓர் இரவும் பகலும் விடாது ஓடுவது எல்லார்க்கும் இயல்வதன்று; விரதமும் பயிற்சியும் இன்றி அதில் இறங்குவதும் தகாது. ஆனால், பள்ளி விடுமுறையில், இவ்வழியை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பிள்ளைகளுடன் நடக்கலாம். முதற் பகுதியில் திருமலையிலிருந்து திக்குறிச்சி வழியாகத் திற்பரப்பு. இடையே பார்த்திவபுரத்தையும் சிதறாலையும் பார்க்கலாம். இரண்டாம் பகுதியில் திருநந்திக்கரைக் குடைவரையிலிருந்து பொன்மனை, பன்னிப்பாகம் வழியாகக் கல்குளம். மூன்றாம் பகுதியில் பத்மநாபபுரம் அரண்மனையையும் உதயகிரிக் கல்லறையையும் கண்டு, மேலாங்கோட்டிலிருந்து நட்டாலம் வரை செல்லலாம். குழித்துறை, இரணியல், நாகர்கோவில் நிலையங்களில் புகைவண்டி நிற்கும். கால் ஓய்ந்த இடத்திலிருந்து ஊருக்கு ஊர் பேருந்து உண்டு. நடக்க முடிந்த மட்டும் நடந்தாற் போதும். வழி தெரியாவிட்டால் கேளுங்கள். கைப்பேசியிலுள்ள வரைபடத்தைக் காட்டிலும் தேநீர்க்கடைப் பெரியவர் நன்றாகச் சொல்வார்; தமிழிற் கேட்டாலும் சொல்வார், மலையாளத்திற் கேட்டாலும் சொல்வார்.

சிவராத்திரிக் காலத்திலேயே செல்ல இயலுமானால் இன்னும் சிறப்பு. ஓட வேண்டாம், வழியோரத்தில் நில்லுங்கள். நள்ளிரவில் தொலைவிலிருந்து "கோவிந்தா, கோபாலா" என்னும் ஒலி கேட்கும். ஒலி நெருங்கி, ஈரக் காவியும் விசிறியும் கண்முன் கடந்து போகும். இருளில் அவர்களுள் யார் எந்த மாநிலத்தவர் என்று காண இயலாது. உங்கள் குழந்தையின் கையில் ஒரு குவளை மோரைக் கொடுத்து, ஓடிவரும் ஒருவருக்கு நீட்டச் சொல்லுங்கள். அதை அவர் வாங்கிக் குடித்துவிட்டு ஓடுவார். அந்தப் பாதையில் உங்கள் குழந்தைக்கும் அன்று ஓர் இடம் ஏற்பட்டுவிடும். ஓடிச் செல்வோரும் நீர் கொடுத்து நிற்போரும் இருக்கும்வரை அந்தப் பாதைக்குக் குறைவில்லை.